முதல் வாடகை வீடு: திருவொற்றியூர் தனி வீடா, கொடுங்கையூர் அடுக்குமாடி வீடா?

தண்டையார்பேட்டைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கும் எண்ணத்தில் நான்கு மாதங்களாக அலைந்து, இப்போது இரண்டு வீடுகளில் வந்து நிற்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், இதில் பழக்கம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

எனக்கு வயது 36. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 78,000 ரூபாய். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் 1994-ஆம் ஆண்டில் கட்டிய தரைத்தள வீட்டில்தான் அனைவரும் சேர்ந்து இருக்கிறோம் என்பதால் எங்களுக்கு வாடகைச் செலவு இல்லை. மகள் ஐந்தாம் வகுப்பிலும் மகன் முதல் வகுப்பிலும் படிக்கிறார்கள். வங்கியில் வைப்பாக 13 லட்சமும், சென்ற மாதம் முடிந்த சீட்டுப் பணம் 3 லட்சமும் கையில் உள்ளன. வேறு கடன் இல்லை.

அப்பாவுக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. எனக்கு அப்படி ஒன்று பேர் சொல்லும்படி வரப்போவதில்லை. 58 வயதுக்குப் பிறகு அவரைப் போல ஒருவரிடமும் கை நீட்டாமல் இருக்க வேண்டும் என்பதே இந்த முயற்சிக்குக் காரணம்.

முதலாவது, திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் 600 சதுர அடி மனையில் கீழும் மேலுமாக நான்கு போர்ஷன்கள் கொண்ட பழைய வீடு. விலை 38 லட்சம். இரண்டு போர்ஷன்கள் தலா மாதம் 5,500 வாடகையில் உள்ளன. மற்ற இரண்டில் 3 லட்சத்துக்கும் 4 லட்சத்துக்கும் லீஸில் (மொத்தப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து, மாத வாடகை இல்லாமல்) குடும்பங்கள் இருக்கின்றன. நான்கையும் வாடகைக்கு மாற்றினால் மாதம் 24,000 வரும் என்றும், வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்றும், மெட்ரோ நிலையம் அருகில் இருப்பதால் விலை ஏறும் என்றும் தரகர் சொல்கிறார்.

இரண்டாவது, கொடுங்கையூரில் இரண்டாம் மாடியில் 560 சதுர அடி வீடு. கட்டி 12 ஆண்டுகள் ஆகின்றன. விலை 34 லட்சம். இப்போது 10,000 வாடகைக்கு ஆள் இருக்கிறார். இதற்கு 24 லட்சம் வரை வங்கிக் கடன் கிடைக்கும் என்றும், கடன் வாங்கினால் வருமான வரி மிச்சமாகும் என்றும் சொல்கிறார்கள்.

இவற்றில் எது சரி, கையிருப்பில் எவ்வளவு வரை இறக்கலாம் என்பதைப் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

பத்திர எழுத்தர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். தேரடிக்குப் பக்கத்தில் கால் கிரவுண்டு மனை, அதன் மேல் நான்கு போர்ஷன், 38 லட்சம் என்றால், விலை ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். நம் பக்கத்தில் விலை குறைவாக இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் அதற்கான காரணம் பத்திரத்திலோ, உள்ளே குடியிருப்பவர்களிடமோ இருக்கும்.

வில்லங்கச் சான்று சுத்தம் என்று தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சான்றில் வருவது பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான். லீஸ் ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கு எழுதி, பதிவு செய்யாமல் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைத்துவிடுவது நம் ஊர் வழக்கம். ஆகவே அந்த 7 லட்சம் வில்லங்கச் சான்றில் எங்கும் தெரியாது. ஆனால் வீட்டில் ஒருவர் குடியிருந்து அனுபவித்து வருகிறார் என்றால், அவருடைய உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே சொத்து மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாது என்று நீங்கள் பிறகு சொல்ல முடியாது. பணம் திரும்பக் கைக்கு வரும்வரை அவர்கள் காலி செய்ய மாட்டார்கள். பத்து ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு இருக்கும் குடும்பம் அப்படி நடந்துகொள்வது நியாயமும்தான். விற்பவர் அந்த 7 லட்சத்தை எப்போதோ வாங்கிச் செலவழித்திருப்பார். எனவே அந்த லீஸ் பணம் 38 லட்சத்துக்குள் அடங்குமா, அதற்கு மேல் நீங்கள் கொடுக்க வேண்டியதா என்பதை எழுத்தில் கேளுங்கள். அதற்கு மேல் என்றால் நீங்கள் வாங்கும் வீடு 45 லட்சம். குடியிருப்பவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, எவ்வளவு கொடுத்தார்கள், எப்போது முடிகிறது என்று கேட்டு, அவர்களுடைய ஒப்பந்தத்தின் நகலை வாங்கிக்கொள்ளாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய கேள்வி, மனை யாருடையது என்பது. திருவொற்றியூரில் கோயில் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பங்கள் பல உள்ளன. மனை கோயிலுக்கு, கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு, மாதந்தோறும் மனை வாடகை கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு அது. அப்படிப்பட்ட வீடுகளும் கைமாறுகின்றன. பத்திரத்தின் முன்பக்கத்தை மட்டும் படிப்பவருக்கு அது விளங்காது. கடைசியில் வரும் தபசில் சொத்து விவரத்தைப் படிக்க வேண்டும். நான்கு எல்லைச் செக்குபந்திக்குப் பிறகு ‘மேற்படி மனையில் கட்டப்பட்ட கட்டடம் மட்டும்’ என்ற சொற்கள் இருந்தால் நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும்தான், மனை அல்ல. சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள நிலத்தை உரிய அனுமதி இல்லாமல் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. வங்கியும் அதற்குக் கடன் தராது. மெட்ரோவால் ஏறுவது நில விலைதான். நிலம் உங்களுடையது இல்லை என்றால் அந்த ஏற்றத்தில் உங்களுக்குப் பங்கு இல்லை. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவதாக, விற்பவருக்கு அந்த வீடு எப்படி வந்தது என்று தாய்ப் பத்திரத்திலிருந்து, அதாவது முந்தைய உரிமையாளரின் மூலப் பத்திரத்திலிருந்து தொடர்ந்து வாருங்கள். தகப்பன் வழி வந்ததானால் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிக் கொடுத்த பத்திரங்களால் வந்த வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொடுங்கையூர் வீட்டுக்கு, மனையில் அந்த வீட்டுக்குச் சேரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதையும், அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த மாடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்று மாடி கட்டியவர்கள் உண்டு. அரசு வாரியம் கட்டிய குடியிருப்பில் மலிவாக வீடு வருகிறது என்று யாராவது வந்தால், ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஒதுக்கீடு பெற்றவருக்கு வாரியம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அது அவர் விற்கக்கூடிய சொத்து.

முல்லை நகர்ப் பக்கத்தவர் எழுதியது:

கொடுங்கையூர் வீட்டைப் பற்றி ஒரு செய்தி மட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. நீங்கள் பார்க்கும் வீடு இரண்டாம் மாடியில் இருந்தாலும், மின் மீட்டர்ப் பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் கீழேதான் இருக்கும். அவை மூழ்கினால் மேல் மாடிக்காரரும் காலி செய்துகொண்டுதான் போக வேண்டும். தெருமுனைக் கடைக்காரரிடம் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். விற்பவரைவிட அவர் சரியாகச் சொல்வார். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் புகையும் நாற்றமும் காற்று வீசும் திசையைப் பொறுத்து மாறும் என்பதால், காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் போய் நின்று பாருங்கள்.

பெரம்பூர்க் கணக்கர் எழுதியது:

பத்திர எழுத்தர் ஐயா சொத்தின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் பணத்தின் பக்கத்தைச் சொல்கிறேன். கொடுங்கையூர் வீட்டையே எடுத்துக்கொள்வோம்.

34 லட்சம் என்பது விற்பவருக்குப் போகும் பணம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 9 சதவீதம், அதாவது 3,06,000 ரூபாய் அரசுக்குப் போகும். வங்கிகள் கடனுக்கு மதிப்பிடும்போது இந்தத் தொகையைச் சேர்ப்பதில்லை என்பதால் அது முழுவதும் உங்கள் கையிலிருந்தே வர வேண்டும். தரகுப் பணம், வழக்கறிஞர் கருத்துரை, கடன் செயல்முறைக் கட்டணம், வெள்ளையடித்தல் எல்லாம் சேர்ந்து 90,000 என்று வைத்துக்கொண்டால் மொத்த அடக்கம் 38 லட்சத்தை ஒட்டி வரும். 24 லட்சம் கடன் போக 14 லட்சம் நீங்கள் இறக்க வேண்டும். 16 லட்சத்தில் மீதம் 2 லட்சம்.

இனி ஆண்டுக் கணக்கு. இடையில் ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்து 11 மாத வாடகையாக 1,10,000 ரூபாய். சொத்து வரி, தண்ணீர் வரி, குழாய் பழுது, சங்கத்துக்குக் கட்ட வேண்டியது என்று 15,000 போனால் கையில் 95,000. அடக்க விலையில் இது இரண்டரை சதவீதம். கடனுக்கோ எட்டரை சதவீத வட்டி என்றால், 20 ஆண்டுக் கடனில் மாதத் தவணை சுமார் 20,830. ஆண்டுக்கு இரண்டரை லட்சம். வாடகை போக, மாதம் ஏறத்தாழ 12,900 ரூபாயை நீங்கள் சம்பளத்திலிருந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எட்டரை சதவீதத்துக்குக் கடன் வாங்கி இரண்டரை சதவீதம் ஈட்டும் ஏற்பாடு இது. இடைவெளி முழுவதையும் விலை ஏற்றம்தான் ஈடுகட்ட வேண்டும். அடுக்குமாடியில் கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்வது. ஏறுவது உங்கள் பிரிபடாத பாகத்தின் நில விலை மட்டும். பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீத வட்டி தந்து வருகிறார்கள், அதற்கு வரியும் இல்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வரி மிச்சம் என்று சொன்னவர்களுக்காக ஒரு விளக்கம் தேவைப்படுகிறது, ஏனென்றால் இந்த ஒரு சொல்லை நம்பியே பலர் கடனில் இறங்குகிறார்கள். வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்காக நிலையாகக் கழிக்கலாம். பிறகு கடன் வட்டியையும் கழிக்கலாம். உங்களுக்கு முதல் ஆண்டு வட்டி மட்டும் இரண்டு லட்சத்தைத் தொடும் என்பதால் கணக்கு நட்டத்தில்தான் முடியும். பழைய வரி முறையில் அந்த நட்டத்தை 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் உங்கள் நிலையில் இந்த வேறுபாடே தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை இருப்பவர் தள்ளுபடியின் மூலம் வரியே கட்ட வேண்டியதில்லை. மாதம் 78,000 என்பது இருவர் சம்பளம். தனித்தனியாகப் பார்த்தால் இருவருமே வரி கட்டாதவர்கள். கட்டாத வரியை மிச்சம் பிடிக்க முடியாது.

கையிருப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவை, உங்கள் குடும்பத்துக்குக் குறைந்தது மூன்று லட்சத்தை, தொடக் கூடாத பணமாக ஒதுக்குங்கள். பெற்றோர் உங்களோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் இன்னும் இரண்டு லட்சம் அதற்கு மேல் வேண்டும். உங்கள் பெயரில் குறித்த காலத்துக்கான ஆயுள் காப்பீடு இல்லாமல் 24 லட்சம் கடனில் கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் இல்லாமல் போனால் அந்தத் தவணை உங்கள் மனைவியின் தலையில் விழும். மகள் இன்னும் எட்டு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போவாள். கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்துக்குள் வீட்டை விற்றுப் பணமாக்குவது நடவாத காரியம். ஆகவே அவள் படிப்புக்கான பணத்தை வீட்டில் போடாமல் தனியே சேர்க்க வேண்டும். இவ்வளவையும் ஒதுக்கினால் வீட்டுக்கு நீங்கள் இறக்கக்கூடியது பத்து, பதினோரு லட்சத்துக்கு மேல் இல்லை.

காலடிப்பேட்டை அம்மா எழுதியது:

தம்பி, காலடிப்பேட்டையில் எனக்கு மூன்று போர்ஷன்கள் உள்ளன. என் கணவர் இறந்த பிறகு 18 ஆண்டுகளாக அந்த வாடகையில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆகவே வீடு வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாடகை என்பது வட்டி மாதிரி உட்கார்ந்த இடத்தில் வருவதில்லை, அது ஒரு வேலை என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடுகிறது. சீலிங்கில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிவதை நீங்கள் தேரடி வீட்டில் பார்த்தீர்களா? மேல் பூச்சு புதிதாக இருக்கிறது என்றால் விற்பதற்காகப் பூசியதா என்று தட்டிப் பாருங்கள். உள்ளே விட்டுப்போயிருந்தால் ஓசை வேறாக இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு போர்ஷனின் சீலிங்கை மட்டும் சரி செய்ய எனக்கு 1,40,000 ரூபாய் ஆனது. அது அந்த போர்ஷனின் இரண்டு ஆண்டு வாடகை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) எந்த நேரத்தில், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, கீழே தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைக் குடியிருப்பவர்களிடமே கேளுங்கள். நான்கு குடும்பத்துக்கு ஒரே மோட்டார், ஒரே கழிவறை என்ற வீட்டில் நல்ல குடித்தனக்காரர்கள் நிலைக்க மாட்டார்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதில் வருகிற சண்டை, வாடகை பாக்கியில்கூட வருவதில்லை.

அட்வான்ஸ் பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கி அதையே வீட்டு வேலைக்குச் செலவழிக்கிறவர்கள் நம் தெருவில் அதிகம். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். ஒரு ஆவணி மாதம் இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் காலி செய்தபோது என் வளையலை அடகு வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அட்வான்ஸ் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பாகப் போட்டு வைத்திருக்கிறேன். அது நம்முடையது இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. நான் இப்போது மூன்று மாதம்தான் வாங்குகிறேன். ஆள் விரைவாகக் கிடைக்கிறார்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் அதே சட்டம் சொல்கிறது. தயங்காமல் பதிவு செய்யுங்கள். எவ்வளவு கோபம் வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திக் காலி செய்ய வைக்கும் வழிக்குப் போகாதீர்கள். சட்டப்படியும் அது கூடாது, அந்த வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

மெட்ரோவைப் பற்றித் தரகர் சொன்னதில் பாதி உண்மை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்த பிறகு, அண்ணா சாலையில் வேலை பார்க்கிற இளம் தம்பதிகள் எங்கள் பக்கம் வீடு கேட்டு வருகிறார்கள். முன்பு துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை பார்ப்பவர்கள் மட்டும்தான் வருவார்கள். ஆனால் இந்தத் தம்பதிகள் தனிக் கழிவறை, தனிச் சமையலறை, வண்டி நிறுத்த இடம் கேட்கிறார்கள். பழைய போர்ஷன் வீட்டுக்கு அவர்கள் வருவதில்லை.

இதனால்தான் உங்களைக் கேட்கிறேன். உங்கள் அப்பா 1994-இல் கட்டியது தரைத்தளம் மட்டும் என்கிறீர்கள். மேலே மொட்டை மாடி சும்மாதானே இருக்கிறது? தண்டையார்பேட்டை மெட்ரோவும் பக்கம்தான். சென்ற ஆண்டு என் நாத்தனார் தன் வீட்டு மேல் தளத்தில் 450 சதுர அடியில் ஒரு படுக்கையறை வீடு கட்டினார். சதுர அடிக்கு 2,300 ரூபாய் வீதம் 10,35,000 ரூபாய் ஆனது, 9,000 வாடகைக்கு ஆள் வந்துவிட்டார்கள். நிலம் வாங்க வேண்டாம், முத்திரைத் தீர்வை கிடையாது, தண்ணீர் வருமா என்று பிறரைக் கேட்க வேண்டாம், குடியிருப்பவர் கண் முன்னால் இருப்பார். கட்டடம் மாடியைத் தாங்குமா என்பதை மட்டும் கொத்தனாரிடம் கேட்காமல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்களாக நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பத்திர எழுத்தர் ஐயா, நீங்கள் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. தபசிலை எழுத்துக்கு எழுத்துப் படித்தேன். ‘கட்டடம் மட்டும்’ என்றுதான் இருக்கிறது. நகர நில அளவைப் பதிவேட்டில் விற்பவர் பெயர் இல்லை. கேட்டபோது, அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான், இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை என்று தரகர் சொன்னார். லீஸில் இருக்கும் மேல் வீட்டு அம்மாவைப் பார்த்தேன். விற்பவர் வீட்டை விற்கப்போவதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது. தன் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த 4 லட்சத்தைக் கொடுத்துவிட்டு இருப்பதாகச் சொல்லி அழுதார். அந்த வீட்டை விட்டுவிட்டேன்.

கணக்கர் ஐயா போட்ட கணக்கை என் மனைவியோடு உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார்த்தோம். மாதம் 12,900 என்பது பிள்ளைகள் இருவரின் பள்ளிச் செலவுக்குச் சமம். கொடுங்கையூரும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மாடி கட்டுவது பற்றி அப்பாவிடம் பேசினேன். மகிழ்ச்சியாகச் சம்மதித்தார். ஆனால் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். திருமணமாகி ஆவடியில் இருக்கிறாள். அப்பா பெயரில் உள்ள வீட்டின் மேல் என் பணத்தில் கட்டினால் அது யாருடையதாகும்? வீட்டையே என் பெயருக்குச் செட்டில்மென்ட் (விலை வாங்காமல் குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதித் தருகிறேன் என்று அப்பா சொல்கிறார். அதை வாங்கிக்கொள்வது சரியா?

பத்திர எழுத்தர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், மனை யாருடையதோ அவருக்கே கட்டடமும் சேரும் என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். அப்பா எதுவும் எழுதி வைக்காமல் போனால், உங்கள் பணத்தில் கட்டிய மாடியிலும் உங்கள் அம்மாவுக்கும் தங்கைக்கும் சம பங்கு உண்டு. ஆகவே எழுத்து வேண்டும்.

குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிக அளவு 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிக அளவு 10,000. செலவு பெரிதில்லை. ஆனால் வீடு முழுவதையும் உங்கள் பெயருக்கு எழுதி வாங்குவதை நான் சொல்ல மாட்டேன். கீழ்த்தளம் அப்பா பெயரிலேயே இருக்கட்டும். மாடி கட்டும் உரிமையையும், அதற்கு உரிய பிரிபடாத பாகத்தையும் மட்டும் உங்களுக்கு எழுதி, அப்பா, அம்மா இருவரும் தங்கள் காலம் முழுவதும் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே சொல்லிவிடுங்கள். கீழ்த்தளத்தில் தங்கைக்கு என்ன என்பதை அப்பா உயிலாக எழுதட்டும். பத்திரம் எழுதுவதற்கு முன்னால் தங்கையையும் அவர் கணவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் பேசுங்கள். முடிந்தால் தங்கையையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியாக அனுமதி தருகிறார்கள். உங்களுடையது அதற்குள் அடங்குமா என்பதைப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெரம்பூர்க் கணக்கர் எழுதியது:

10,35,000 ரூபாயில் முடிந்து 11 மாத வாடகையாக 99,000 வந்தால், பழுதுச் செலவுக்கு முன் ஒன்பதரை சதவீதம். கொடுங்கையூர்க் கணக்கோடு ஒப்பிட்டால் எங்கேயோ நிற்கிறது. ஆனால் கட்டட வேலை மதிப்பீட்டுக்குள் முடியாது. ஒன்றரை லட்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மாடி வந்தபின் மாநகராட்சியில் தெரிவித்துச் சொத்து வரியை மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகை வரத் தொடங்கியதும் அதில் பாதியை மகள் பெயரில் சேமிக்கத் தொடங்கலாம்.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

ஐயா, அம்மா, இருவர் சொன்னபடியும் செய்தோம். சென்ற ஞாயிறு தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் தன் பங்கை உயிலில் எழுதினால் போதும், மாடியைப் பற்றித் தனக்கு எந்த மனவருத்தமும் இல்லை என்று அவளே அப்பாவிடம் சொன்னாள். நேற்றுப் பொறியாளர் வந்து மூன்று இடங்களில் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தார். தூண்கள் இல்லை, செங்கல் சுவர்தான் பாரத்தைத் தாங்குகிறது, ஆனால் அடித்தளம் அகலமாகவே போட்டிருக்கிறது என்கிறார். முழுத் தளத்துக்கும் கட்டாமல், பின்பக்கத்துச் சுவர்களின் மேல் மட்டும் 380 சதுர அடிக்குக் கட்டலாம் என்று எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய அறிக்கை வந்ததும் வரைபடத்தை இங்கே போடுகிறேன். மாடிப்படியை வெளியே வைப்பதா, உள்ளே வைப்பதா என்று காலடிப்பேட்டை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.